நிகர எடை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில்
அறுபது டன் எடைமேடை.
பகல் எனக்கு, ராத்திரி மருதாசலத்துக்கு.
ஒரே நாற்காலி, ஒரே கம்ப்யூட்டர்.
காலையில் நான் உட்காரும்போது
குஷனில் அவர் சூடு மிச்சமிருக்கும்.
மேஜையில் பீடிச் சாம்பல், ஒரு ஹெல்மெட்.
ஹெல்மெட் எதற்கென்று கேட்டதில்லை.
அவரிடம் இருப்பது சைக்கிள்.

ஆடிட்டர் வந்த அன்று
'பழைய பில்' என்ற ஃபோல்டரைத் திறந்தேன்.
பில் இல்லை.
பதினொரு பாட்டு.
லாரி நம்பர்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர்.

முதலில் டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் நடுங்குகிறது.
அதன்மேல் பில் பிரின்டர் கிர்ர்ரென்று இழுக்கிறது.
பிறகு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து,
நாற்பத்தாறு வயதுக் குரல்:

கல்லு போகுது கேரளாவுக்கு, மலை போகுது மண்ணோட
சில்லுச் சில்லாச் செதறுன எங்கூரு, சீட்டுல நாப்பது டன்னோட
பர்மிட்டு இருக்குது பாறைக்கு
பஸ்ஸு இல்ல பள்ளிக்கோடத்துக்கு

தாளத்துக்கு முன்னாலேயே ஓடிவிடுகிறார்.
ஓடிப்போய்த் திருப்பத்தில் நின்று
அது வந்து சேரட்டும் என்று இருமுகிறார்.
லாரி மேடையில் நிற்கிற வரைக்கும்தான் பாட்டு.
இறங்கிவிட்டால் முடிந்தது,
சொல் பாதியில் இருந்தாலும்.

ஐந்தாவதில் யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள்:
"சேட்டா, ரசீது?"
"இருப்பா."
விட்ட வரியை விட்ட இடத்தில் பிடிக்காமல்
வேறெங்கோ போய்ப் பிடிக்கிறார்.

சிரித்தேன். மறைப்பதற்கில்லை.
மறுநாளும் கேட்டேன்.

'காலி வண்டி' என்ற பெயரில் நெட்டில் ஏற்றியிருந்தார்.
ஏழு மாதத்தில் பத்தொன்பது முறை ஓடியிருந்தது.
நான்கு முறை நான்.

ஆவணியில் எவனோ ஒருவன்
அந்த 'இருப்பா'வை மட்டும் வெட்டிப் பரப்பினான்.
எண்ணூறு. எட்டாயிரம்.
ரிங்டோன் ஆனது. பனியனில் ஹெல்மெட் ஏறியது.
'பாறைக்கு' என்பதைப் 'பறைக்கு' என்று கேட்டவர்கள்
ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.
இரைச்சலைச் சுத்தம் செய்து ஒருத்தர் போட்டார்.
லாரியைக் கொன்றுவிட்டாய் என்று
எல்லாரும் சேர்ந்து அவரை விரட்டினார்கள்.

"கிண்டல் பண்றாங்களா,
நெசமாவே புடிச்சிருக்குதுங்களா?"
டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்.
"தார்ப்பாய் போட்டுத்தானம்மா வருது.
பிரிச்சா பாக்கறோம்?
முள்ளு காட்டுச்சுன்னா சரி."
எங்கள் மேடையில் முள்ளே கிடையாது.
சிவப்பு எண்தான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை
கணக்கு முடிக்க நான் இருட்டும்வரை இருந்தேன்.
திருச்சூரிலிருந்து ஒரு கார், ஓசூரிலிருந்து ஒன்று.
ஒன்பது பேர் இறங்கி மேடையில் ஏறினார்கள்.
"எங்களை எடை போடுங்க!"
"காலி வண்டி இருக்காரா?"
கதவிடுக்கில் தலையை நீட்டி
"அவன் லீவு" என்றார் மருதாசலம்.

அவர்கள் பாட ஆரம்பித்தார்கள்.
முன்னால் ஓடுகிற இடத்தில் சரியாக முன்னால் ஓடி,
இரும வேண்டிய இடத்தில் இருமி,
பதினெட்டுக் கால்கள் இரும்புத் தகட்டை மிதிக்க
எண் துள்ளியது:
560, 640, 520, 600.
எண் நிற்காமல் சீட்டு வராது.

மைக்கை அழுத்தினார். பழக்கதோஷம்.
வெளியே கம்பத்து ஸ்பீக்கரில் வந்தது
"இருப்பா."

ஒன்பது பேரும் அப்படியே நின்றார்கள்.
ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.
580.
பிரின்டர் இழுக்கத் தொடங்கியது, ஐந்தாவது பாட்டைப் போலவே.
வண்டி எண் என்ற கட்டத்தை
அவர் அடிக்காமல் விட்டிருந்தார்.

பின்னால் எம்-சாண்ட் லாரி ஹாரன் அடித்தது.
ஹெல்மெட்டை எடுத்துக் காலடியில் தள்ளிவிட்டு
ஜன்னல் வழியே கை நீட்டினார்.
"நாப்பது ரூபா. சில்லறையாக் குடுங்க."